வேளைப்பெட்டி

வேளைப்பெட்டியின் ஏட்டில் ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மட்டும் மூன்று வேளை துயிலி பதிவாகியிருந்தது. மெர்சி தான் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்று சாதித்தாள். எஸ்தர்கனி பெட்டியைத்தான் நம்பினாள்.

நம்பாமல் என்ன செய்வது? பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. தம்பி பெண்டாட்டிக்குத் தெரியுமா தெரியாதா என்பது கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்தும் எஸ்தர்கனிக்குப் பிடிபடவில்லை.

தூத்துக்குடியில் இப்போது வேளைப்பெட்டி இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கூடத்துச் சுவரில், முன்பு காலண்டர் தொங்கிய ஆணியில், சோப்பு டப்பா அளவில் அது உட்கார்ந்திருக்கும். நோயாளியின் புஜத்தில் ஓர் ஒட்டுப்பட்டை. பட்டைக்குள் கடுகளவுக் குமிழ்களில் மருந்து. வீட்டில் யாராவது வாயால் கேட்டால் பெட்டி பட்டைக்குச் சொல்லும். ஒரு குமிழ் உடைந்து மருந்து தோலுக்குள் இறங்கும். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டி அணையும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் 'மருந்து தரப்பட்டது' என்று அறிவித்துக்கொண்டிருந்ததாம். தூக்க மருந்தைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறவனை எழுப்புகிறதே என்று ஜனங்கள் திட்டியதால் குரலை எடுத்துவிட்டார்கள்.

யார் கேட்டாலும் பெட்டியின் திரையில் தெரியும் ஏட்டில் 'வீட்டார்' என்றுதான் விழும். குரலை வைத்து ஆளை அடையாளம் காண மருந்து மறைவுச் சட்டம் இடம் தரவில்லை. அதே சட்டத்தால்தான் எஸ்தர்கனியின் தம்பி ஞானதுரை சாகக் கிடந்தான்.

ஞானதுரை சரக்குத்தளம் ஒன்றில் பாரந்தூக்கி ஓட்டுபவன். ஐந்து மாதத்துக்கு முன் அவன் தூக்கிய பெட்டகம் ஒன்று அந்தரத்தில் நழுவிவிட்டது. கீழே நின்ற ஆள் மயிரிழையில் தப்பினான். தப்பியவன் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். தூக்கியவனுக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை. கம்பெனி அவன் மணிக்கட்டில் தணிவளை மாட்டியது. அது நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகத் தணியம் என்ற நடுக்க மருந்தை ஏற்றும். தூக்கம் போய்விட்டது என்று வீட்டு மருத்துவர் வேளைப்பெட்டியில் துயிலி எழுதினார், இரவுக்கு ஒரே வேளை. மறைவுச் சட்டப்படி, வளை கொடுப்பது பெட்டிக்குத் தெரியாது. பெட்டி கொடுப்பது வளைக்குத் தெரியாது.

எஸ்தர்கனிக்கு இரண்டும் அத்துப்படி. பாளையங்கோட்டையில் கூட்டுமருந்து ஒப்பீட்டு நிலையத்தில் அவளுக்கு வேலையே அதுதான்: எந்த மருந்து எதோடு சேரும், எது சேராது என்று பார்த்து எழுதுவது. தணியமும் துயிலியும் மூளையை மந்தப்படுத்துகிறவை. ஆனால் குணம் வேறு. தணியம் சாது. மெதுவாக ஏறும், நடுக்கத்தை அடக்கும், வந்த விருந்தாளி மாதிரி இரண்டு நாளைக்கு உடம்பை விட்டுக் கிளம்பாது. துயிலி முரடு. கால்மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிட்டு மூன்று மணி நேரத்தில் போய்விடும். தனித்தனியாக இருக்கும்வரை இரண்டாலும் மூச்சுக்குப் பெரிய ஆபத்தில்லை. துயிலியை மட்டும் எடுப்பவருக்கு நாளைக்கு நான்கு வேளை போனாலும் ஒன்றும் ஆகாது. பெட்டியும் நான்குக்கு மேல் தராது.

ஒரு வேளைக்கு மேல் சேர்ந்தால்தான் விபரீதம். அங்கே ஒன்றும் ஒன்றும் இரண்டாவதில்லை, ஐந்தாகிவிடும். மூச்சை இழு என்று நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் மூளையின் சின்னப் பகுதியே கண்ணயர்ந்துவிடும். வலி கிடையாது, திணறல் கிடையாது. மனிதன் குறட்டை விட்டபடியே மூச்சு விட மறந்து செத்துப்போவான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஞானதுரைக்கு நிமிடத்துக்கு ஆறு மூச்சுதான் இருந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, தணியத்துக்கு முறிமருந்து போட்டு, பிழைக்க வைத்து அனுப்பினார்கள். வளையிலும் பட்டையிலும் அளவைக் குறைத்தார்களே தவிர நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் பழகிய உடம்பில் இந்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும். "வீட்ல யாரோ பகல்ல கூடுதலா குடுத்திருக்காங்க. இன்னொரு தடவை இப்படி ஆனா கொண்டுவர்றதுல பிரயோஜனம் இருக்காது" என்று டாக்டர் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னை எதற்குப் பார்க்கிறார் என்று எஸ்தர்கனிக்குக் கோபம் வந்தது. அன்றே நிலையத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு சேலையைப் பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மைனி, நான் கணக்கு டீச்சர்," என்றாள் மெர்சி. "ஒன்னு குடுத்தா ஒன்னும்பேன், மூணு குடுத்தா மூணும்பேன். நான் குடுக்கலை."

"அப்ப பெட்டி தானா குடுத்துச்சாக்கும்?"

"அது எனக்குத் தெரியாது. மருந்து உங்க டிபார்ட்மெண்டுலா? நீங்கதான் சொல்லணும்."

மெர்சிக்கு ஆம், இல்லை இரண்டுதான். நடுவில் ஒன்றும் கிடையாது. எஸ்தர்கனிக்கு அதுவே உறுத்தியது. ஒளிக்க ஒன்றுமில்லாதவள் கொஞ்சமாவது தடுமாற மாட்டாளா? ஞானதுரையைக் கேட்டுப் பயனில்லை. துயிலி இறங்கினால் அதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் நினைவிலிருந்து கழன்றுவிடும்.

"கோயில்லேர்ந்து வந்தோம்க்கா. நாற்காலியில உக்காந்தேன். இவ அடுப்படியில நின்னா. அதுக்கப்புறம் ஆஸ்பத்திரிதான்," என்றான் அவன்.

"நீ என்ன பேசிக்கிட்டு இருந்த?"

"வேற என்னத்தப் பேசுவேன்? அந்தப் பெட்டகத்தைப் பத்திதான் பொலம்பிக்கிட்டு இருந்திருப்பேன்."

அன்று சாயங்காலம் ஏழரைக்கு மெர்சி பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பவள் போல நிமிர்ந்து, "ஒரு வேளை" என்றாள். பச்சை விளக்கு சிமிட்டியது. பிறகு திரும்பி, "பாத்துக்கோங்க மைனி. ஒன்னு. நாளைக்கு வந்து கூடுதல்னு சொல்லக்கூடாது," என்றாள். எஸ்தர்கனி ஏட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் படுக்கப்போனாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஞானதுரை புலம்பக்கூடத் தெம்பில்லாமல் படுத்தே கிடந்தான். ஆள் காவலுக்கு இருக்கும்போது எப்படி நடக்கும் என்று எஸ்தர்கனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மெர்சி அடுப்படிக்குப் போனால் இவளும் தண்ணீர் குடிக்கப் போனாள். மெர்சி புருஷனுக்குத் தலையணை சரி செய்தால் இவள் ஒட்டுப்பட்டையை எட்டிப் பார்த்தாள். மெர்சி எல்லாவற்றையும் கவனித்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் எஸ்தர்கனி கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மெர்சி பள்ளிக்கூடம் போனாள். இரண்டு தெரு தள்ளித்தான் பள்ளி. அவள் தலை மறைந்ததும் எஸ்தர்கனி கதவைத் தாழிட்டாள். அடுப்படி வேலையை முடித்துவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து புருஷனுக்குப் போன் போட்டாள். ஞானதுரை உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏங்க, எனக்கு மனசே சரியில்ல. ஒருவேளை இவ வேணும்னேதான் குடுத்தாளோ?"

"ஏம்மா, டீச்சர் அப்படியெல்லாம் செய்வாகளா?" என்றார் ஜெபசிங். அவருக்கு யாரைப் பற்றியும் கெட்டதாக நினைக்கச் சோம்பல். "இரு, நான் ரேஷன் கடை வாசல்ல நிக்கேன். அப்புறம் கூப்பிடுதேன்."

அரைமணி கழித்து அவர் கூப்பிட்டார். அதற்குள் எஸ்தர்கனி இன்னும் கொஞ்சம் யோசித்து வைத்திருந்தாள். "துரை ராவும் பகலும் பொலம்பிக்கிட்டே கெடந்தான்லா? ஒருவேளை தூங்கிட்டா வீடு அமைதியா இருக்கும்னு நெனச்சுட்டாளோ என்னவோ."

"அப்படியும் இருக்கும்," என்றார் ஜெபசிங், பேச்சை முடிக்க.

அவர் ஒப்புக்கொண்டது எஸ்தர்கனிக்குத் தெம்பு கொடுத்தது. இருபது நிமிடத்தில் மறுபடி அவளே கூப்பிட்டாள். "ஒருவேளை அவ ஸ்கூல்லேர்ந்தே இந்தப் பெட்டியைப் பேச வைப்பாளோ? இப்பத்தான் எல்லாத்துக்கும் ஒரு வழி வச்சிருக்கானே!"

பதினொன்று அடிக்கும்போது உள்ளறையிலிருந்து குறட்டை கேட்டது. நல்லது, தூங்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளிதான் அவளை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டது. வேலைப்பழக்கத்தில் நெஞ்சைப் பார்த்தபடி எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு ஒன்பது. கன்னத்தில் தட்டினாள். "லேய் துரை! துரை!" கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். அடுத்த நிமிடத்துக்கு எட்டு.

கூடத்துக்கு ஓடி ஏட்டைப் பார்த்தாள். 9.50, வீட்டார். 10.20, வீட்டார். 10.40, வீட்டார்.

கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. வீட்டில் அவளையும் தம்பியையும் தவிர ஈ காக்காய் கிடையாது. நான் நினைத்தது சரி, பள்ளிக்கூடத்திலிருந்தே செய்கிறாள் என்று மனசு கூவியது. அந்தச் சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். தணிவளையைக் கழற்றி எறிந்தாள். புஜத்திலிருந்த ஒட்டுப்பட்டையைத் தோல் சிவக்க உரித்து, கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் தட்டில் போட்டாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள்; தணியத்தின் முறிமருந்தோடு வரச்சொன்னாள். கால்மணி நேரமாகும் என்றார்கள். துயிலிக்கு முறிமருந்தே கிடையாது. அது தானாக வடிகிறவரை ஆளைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

தம்பியைத் தூக்கிக் கூடத்துக்கு இழுத்து வந்து சுவரில் சாய்த்தாள். முகத்தில் தண்ணீரை அடித்தாள். தோள்பட்டைச் சதையைக் கிள்ளினாள். "மூச்சை இழு! இழுலேய்! விடு! இழு!" அவன் சொன்னதைச் செய்தான், சொல்லாதபோது சும்மா இருந்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் எண்ணிக்கை தப்பிவிடும் என்று அதையும் விழுங்கினாள்.

அவள் போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்க வேண்டும். அங்கிருந்து யாரோ பள்ளிக்குச் சொல்ல, மெர்சி ஓடி வந்து கதவை இடித்தாள். எஸ்தர்கனி திறந்தாள். மெர்சி புருஷனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், ஏட்டைப் படித்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"மூணு வேளை. வீட்டார்." விரலை ஏட்டின் மேல் வைத்தாள். "நான் ஒன்பது மணிக்கே கிளாஸ்ல இருந்தேன். நாப்பது பிள்ளைங்க சாட்சி. வீட்ல யாரு இருந்தா மைனி?"

"நீ அங்கயிருந்தே ஏதோ பண்ணியிருக்க!"

"என்னைச் சொல்லுதீங்களா?" பதினாறு வருடத்தில் முதல் தடவையாக மெர்சி தடுமாறினாள். "மூணு நாளா என் பின்னாலயே சுத்துனீங்க. இப்ப நீங்க காவல் இருக்கும்போதே நடக்குது. ஒருவேளை நீங்கதான்..."

பச்சை விளக்கு சிமிட்டியது.

உள்ளறை வாசலில் கிடந்த எவர்சில்வர் தட்டில், உரித்துப் போட்ட பட்டையின் அடியிலிருந்து ஒரு சொட்டு கசிந்து பரவியது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். ஏட்டில் நான்காவது வரி விழுந்திருந்தது: 11.20, வீட்டார். பட்டை இன்னும் புஜத்தில் இருந்திருந்தால் அந்தச் சொட்டு ஞானதுரையை முடித்திருக்கும்.

எஸ்தர்கனி தன் போனை எடுத்து அழைப்புகளின் நேரத்தைப் பார்த்தாள். 9.49. 10.19. 10.39. அவளுடைய வாயிலிருந்து வந்த மூன்று சந்தேகங்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்திருக்கும் என்பதும் புரிந்துவிட்டது. பெட்டகத்தைப் பற்றிப் புலம்புகிறவன் எப்படிப் புலம்புவான்? ஒருவேளை பிரேக்கை முன்னாலேயே போட்டிருந்தால், ஒருவேளை கொக்கியைச் சரியாகப் பார்த்திருந்தால், என்றுதானே? ஒவ்வொரு தடவையும் பெட்டி பணிவாக ஒரு குமிழை உடைத்திருக்கிறது.

பெட்டி செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. முதலில் 'ஒரு வேளை மருந்து கொடு' என்று முழுசாகச் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு முட்டுகிறவனுக்கு அவ்வளவு நீளமாகப் பேச எங்கே நேரம் என்று முதல் இரண்டு சொல்லே போதும் என்று ஆக்கினார்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே எழுத்தில் இடைவெளி உண்டு. வாயில் கிடையாது. சோதனைக்கு வந்தவர்கள் தாளைப் பார்த்துப் படித்தார்கள். தாளில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. துயிலியை மட்டும் எடுத்த லட்சக்கணக்கான வீடுகளில் இது தெரியவே வராமல் போனது. வாக்குவாதம் முற்றும் நேரத்தில் வீட்டுக்கு ஒருவர் கண்ணயர்ந்தார்கள். துயிலி நல்ல மருந்து என்று பெயர் வாங்கியது.

ஆம்புலன்ஸ் வந்தது. ஞானதுரை பிழைத்துக்கொண்டான். மெர்சியும் எஸ்தர்கனியும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிப்பிடித்து அழுதார்கள். எஸ்தர்கனி வாய்விட்டு மன்னிப்புக் கேட்டாள். "விடுங்க மைனி. பெட்டி செஞ்ச வேலை," என்றாள் மெர்சி.

எஸ்தர்கனி எழுதிய அறிக்கைக்குப் பலன் இருந்தது. பெட்டி செய்யும் நிறுவனம் புதிய மென்பொருள் தயாராகும்வரை என்று சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: 'ஐயத்தைக் குறிக்கும் அச்சொல்லை வீட்டினுள் பயன்படுத்த வேண்டாம்.' ஊர் பயந்து போயிருந்தது. ஒரு மாதத்தில் அந்தச் சொல் தூத்துக்குடியிலிருந்தே காணாமல் போனது. 'சிலவேளை' என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தவர்கள் வீட்டில் என்ன ஆகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 'இருக்கலாம்' என்று முடித்துத் தப்பிக்கலாம்தான். ஆனால் சந்தேகப்படத் தொடங்குகிற நாக்கு பழக்கதோஷத்தில் பழைய சொல்லில்தான் ஆரம்பிக்கும். அதனால் ஜனங்கள் சந்தேகப்படுவதையே விட்டார்கள். நினைத்ததை நிச்சயமாகச் சொல்லப் பழகினார்கள். பஸ் தாமதித்தால் 'வராது' என்றார்கள். சில்லறை குறைந்தால் 'எடுத்துட்ட' என்றார்கள். மாமியார் மருமகள் வழக்குகள் கூடியதாக வக்கீல்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

ஞானதுரைக்கு இரண்டு மருந்தையும் ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். அதுவரை பட்டையும் இருந்தது, பெட்டியும் இருந்தது. நான்காவது வாரம் ஒரு சனிக்கிழமை எஸ்தர்கனி பார்க்க வந்தாள். விளமீன் குழம்பு. மூன்று பேரும் சிரித்துப் பேசித்தான் சாப்பிட்டார்கள். ஞானதுரை கை கழுவிவிட்டுக் கூடத்துப் பாயில் தலை சாய்த்தான். மூன்றரை ஆனது. எழுந்திருக்கவில்லை.

"துரை," என்று எஸ்தர்கனி கூப்பிட்டாள். பதில் இல்லை.

அடுப்படியிலிருந்து மெர்சி வந்து எட்டிப் பார்த்தாள். நாத்தனார் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முந்தி என்றால் இரண்டு பேரில் ஒருத்தி, சாப்பாட்டு மயக்கமாக இருக்குமோ என்று இழுத்திருப்பாள். மற்றவள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"நீங்க சொல்லிட்டீங்க," என்றாள் மெர்சி.

"நான் சொல்லல. நீதான் அடுப்படியில முணுமுணுத்த."

"நான் முணுமுணுக்கல. நீங்க போன்ல சொன்னீங்க. அன்னைக்கும் நீங்கதான். என்னைக் கொலைகாரின்னு சொல்லிச் சொல்லியே அவுகளக் கொல்லப் பாத்தீங்க."

"நீ கொலைகாரிதான்," என்றாள் எஸ்தர்கனி.

சொன்ன பிறகு அவளுக்கே அது யாருடைய குரல் என்று தெரியவில்லை. அப்படி அவள் நினைத்ததுகூட இல்லை. அப்படியும் இருக்குமோ என்று மட்டும்தான் எப்போதோ நினைத்திருந்தாள்.

ஞானதுரை கண்ணைத் திறந்தான். கொட்டாவி விட்டபடி எழுந்து உட்கார்ந்து, "என்னக்கா சத்தம்? மீன் தின்னா மனுஷனுக்குத் தூக்கம் வராதா?" என்றான். இரண்டு பேரும் அவனைப் பார்க்கவில்லை. மெர்சி உள்ளே போய் எஸ்தர்கனியின் பையை எடுத்து வந்து வாசல்படியில் வைத்தாள்.

"இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க," என்றாள். அதிலும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

செருப்பை மாட்டும்போது எஸ்தர்கனி திரும்பிப் பெட்டியின் ஏட்டைப் பார்த்தாள். அன்றைய தேதிக்கு நேரே ஒரு வேளைகூடப் பதிவாகியிருக்கவில்லை.